தாய்மாமனிடமிருந்து தொடங்குங்கள்: சிவப்பணுக்களையும் நிறப்பார்வையையும் குடும்ப மரத்தில் பின்தொடர்வது எப்படி

சென்னையில் பல குடும்பங்களுக்கு மரபணு என்ற சொல் அறிமுகமாவது இரண்டு வழிகளில்தான். ரயில்வே வேலைக்குத் தேர்வான இளைஞர் மருத்துவப் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க முடியாமல் திரும்புவது ஒன்று. முதல் கர்ப்பத்தின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறிதாக இருப்பதாகச் சொல்லி, கணவரையும் பரிசோதனைக்கு அழைத்துவருமாறு மருத்துவர் கேட்பது மற்றொன்று. இரண்டையும் 'பரம்பரைக் கோளாறு' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டு, யார் வழியில் வந்தது என்று வீட்டில் வாதம் தொடங்கிவிடுகிறது. உண்மையில் இவை வெவ்வேறு வழிகளில் பயணம் செய்கின்றன. ஒன்றைத் தாய்வழியில் மட்டும் தேட வேண்டும், மற்றொன்றை இருவழியிலும் தேட வேண்டும். ஒரு தாள், ஒரு பென்சில், பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், உறவினர்களுடன் சில தொலைபேசி உரையாடல்கள் ஆகியவற்றைக் கொண்டு இந்த இரண்டு தடங்களையும் வரைந்து, மருத்துவரிடம் கொடுக்கத்தக்க குடும்ப மரம் ஒன்றை உருவாக்குவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

வரைவதற்கு முன் களைய வேண்டியவை

பிறவியில் வராத குறைபாடுகளை மரத்தில் ஏற்றிவிட்டால் பிறகு போடும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். நிறப்பார்வைக் குறைபாடு பிறவியிலேயே இருந்தால் இரண்டு கண்களிலும் ஒரே அளவில் இருக்கும், வயதோடு கூடுவதோ குறைவதோ இல்லை, பார்வைக் கூர்மையும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நடுத்தர வயதில் திடீரெனச் சிவப்பும் பச்சையும் மங்கத் தொடங்கினால் அது வேறு கதை. காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்பியூட்டால் மருந்து பார்வை நரம்பைப் பாதித்துச் சிவப்பு-பச்சை வேறுபாட்டை மங்கச் செய்யக்கூடும். மருந்து உட்கொள்ளும்போது அவ்வாறு நேர்ந்தால் மரம் வரைவதை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்நீர் அழுத்தம், நீரிழிவு விழித்திரைப் பாதிப்பு ஆகியவையும் நிறப்பார்வையைக் குறைக்கும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பரிசோதிப்பது இதனால்தான் அவசியமாகிறது.

ரத்தத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் ஊரில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போவதற்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைபாடுதான். அது உணவிலிருந்தும், ரத்தப்போக்கிலிருந்தும், குடற்புழுக்களிலிருந்தும் வருவதே அன்றி மரபணுவிலிருந்து வருவதன்று. பாட்டிக்கு 'ரத்தசோகை இருந்தது' என்ற ஒற்றைத் தகவலை வைத்துக்கொண்டு அவரைக் குறைபாடு உள்ளவராக, அதாவது கறுப்பு வட்டமாக, வரைந்துவிடக் கூடாது.

எந்த மரபணு எங்கே இருக்கிறது

சிவப்பு, பச்சை ஒளியை உணரும் கூம்புச் செல்களின் நிறமிப் புரதங்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைக் கொண்டவை என்பதால், கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்கையில் இடம் தவறி இணைந்து, ஒரு மரபணு முழுவதுமாக விடுபட்டுப்போவதோ பாதி சிவப்பும் பாதி பச்சையுமான கலப்பு மரபணு உருவாவதோ எளிதில் நிகழ்கிறது. சிவப்பு-பச்சைக் குறைபாடு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் அரை விழுக்காட்டினருக்கும் இது உண்டு. நீல நிறமிக்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் இருப்பதால் நீலம்-மஞ்சள் குறைபாடு இந்தத் தடத்தில் சேராது. அது அரிது என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

அதே எக்ஸ் நுனியில், நிறப்பார்வை மரபணுக்களிலிருந்து சில லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் மட்டுமே தள்ளி, ஜி6பிடி என்னும் நொதிக்கான மரபணு இருக்கிறது. முழு எக்ஸ் குரோமோசோமின் நீளம் 15 கோடி எழுத்துகளுக்கு மேல் என்பதை நினைத்தால் இவை இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமார் 120 நாள்கள் வாழும் அந்தச் செல் ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பெரிதும் நம்பியிருப்பது ஜி6பிடி நொதியைத்தான். அந்த நொதி குன்றியவரின் சிவப்பணுக்கள் சாதாரண நாள்களில் நன்றாகவே இயங்கும். குறிப்பிட்ட மருந்தோ தொற்றோ வேதிப்பொருளோ தாக்கும்போது மட்டும் கூட்டமாக உடைந்துபோகும்.

சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினுக்கான மரபணுக்கள் வேறிடத்தில் இருக்கின்றன: பீட்டா சங்கிலிக்கு 11ஆம் குரோமோசோமிலும், ஆல்ஃபா சங்கிலிக்கு 16ஆம் குரோமோசோமிலும். ஹீமோகுளோபின் போதிய அளவில் உருவாகாத பீட்டா தலசீமியாவும், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் செல் நோயும் பீட்டா மரபணுவைச் சார்ந்தவை. அரிவாள் செல் என்றால் ஆப்பிரிக்கா என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் அது முதன்முதலில் 1952இல் அறிவிக்கப்பட்டது நம் நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்தான்.

இடையில் ஒரு சிறு விலகல். நிறக்குருடும், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயும் எக்ஸ் குரோமோசோமில் சேர்ந்தே பயணம் செய்கின்றன என்பதை ஜூலியா பெல்லுடன் இணைந்து 1937இல் காட்டியவர் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடுகள் மலேரியாவிலிருந்து காப்பதால்தான் நிலைத்திருக்கின்றன என்ற கருத்தை 1949இல் முன்வைத்தவரும் அவரே. இங்கிலாந்தை விட்டு 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். இந்தக் கட்டுரையின் இரண்டு தடங்களிலும் கால்பதித்த ஒருவர் நம் நாட்டவராகவே மறைந்தார் என்பது மரம் வரைவதற்குத் தேவையில்லாத தகவல்தான். ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தாளில் வரைதல்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறைபாடு உள்ளவரின் உருவை முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள். எக்ஸ் வழிக் குறைபாட்டைச் சுமக்கும் பெண்ணுக்கு வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி. தலசீமியா, அரிவாள் செல் கடத்துநருக்கு, அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தும் தாம் நோயுறாதவருக்கு, பாதி நிரப்பிய உருவம். திருமணத்துக்குக் கிடைக்கோடு, சொந்தத்தில் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. இறந்தவர்மேல் சாய்கோடு. நிறப்பார்வைக்கும் ரத்தத்துக்கும் ஒரே தாளைப் பயன்படுத்தினால் குழப்பம் வரும். இரண்டு நகல் எடுத்துத் தனித்தனியே நிரப்புவதே என் பரிந்துரை. குழந்தைகள், பெற்றோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், நான்கு தாத்தா பாட்டிமார் என்று மூன்று தலைமுறை போதும்.

உறவினரிடம் கேட்கும் கேள்விகள் நோயின் பெயரைச் சொல்லாமல் இருக்கட்டும். 'உங்களுக்கு நிறக்குருடு உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனெனில் அவர்கள் உலகைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதில்லை. செடியில் இருக்கும் கனகாம்பரத்தைத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடிகிறதா, பள்ளியில் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டி ஆசிரியரிடம் திட்டு வாங்கியதுண்டா, கைபேசியின் மின்னேற்ற விளக்கு சிவப்பா பச்சையா என்று தடுமாறுகிறாரா என்று கேளுங்கள். ரத்தம் குறித்துக் கேட்கும்போது, மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தை, பிறந்த சில நாள்களில் கடுமையான மஞ்சள் காமாலைக்கு ஆளான ஆண் குழந்தை, மாத்திரை சாப்பிட்ட பின் கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போனவர், பித்தப்பைக் கற்களும் மண்ணீரல் வீக்கமும் இளவயதிலேயே இருந்தவர் ஆகியோரைப் பற்றி விசாரிக்க வேண்டும். சிறுவயதில் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேச வீடுகளில் தயங்குவார்கள். ஆனால் மரத்தில் மிகுதியாகச் செய்தி சொல்பவர்கள் அவர்களே என்பதால், பொறுமையோடும் தனிமையிலும் கேட்பது நல்லது.

எக்ஸ் தடத்தைப் படித்தல்

ஆணின் ஒற்றை எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அதை அவர் தம் மகள்கள் அனைவருக்கும் கொடுக்கிறார், மகன்கள் எவருக்கும் கொடுப்பதில்லை. மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவையே. ஆகவே மகனுக்கு நிறக்குறைபாடு இருந்தால் தந்தையின் குடும்பத்தில் தேடிப் பயனில்லை. தாயின் சகோதரர்களையும் தாயின் தந்தையையும்தான் விசாரிக்க வேண்டும். குறைபாடுள்ள ஆணின் மகள்கள் எல்லோரும் ஐயத்துக்கு இடமின்றிக் கடத்துநர்கள். கடத்துநரான தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறைபாடு வரும் வாய்ப்பு பாதி. ஒவ்வொரு மகளும் கடத்துநராகும் வாய்ப்பும் பாதி.

ஒரு பெண்ணின் தாய் கடத்துநர் என்றால் அவளும் கடத்துநராக இருக்கும் வாய்ப்பு தொடக்கத்தில் பாதிதான். ஆனால் அவளுக்கு மூன்று மகன்கள் பிறந்து மூவரும் இயல்பான நிறப்பார்வையோடு இருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது. அவள் கடத்துநர் என்றால் மூவரும் தப்பியிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. கடத்துநர் இல்லையென்றால் மூவரும் இயல்பாக இருப்பது உறுதி. ஒன்றுக்கு எட்டு என்ற இந்த விகிதத்தின்படி, அவள் கடத்துநராக இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று ஆகிறது. மகன்களின் எண்ணிக்கையை மரத்தில் விடாமல் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் எந்தச் சொந்தம் என்பது முக்கியம். நிறக்குறைபாடுள்ள ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கிறார் என்று கொள்வோம். அவருடைய தாய் கடத்துநர், அக்காள் கடத்துநராக இருக்கும் வாய்ப்பு பாதி, அக்காள் மகளுக்கு அது கால் பங்கு. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறைபாடு வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று; தந்தையிடமிருந்து ஒரு பழுதான எக்ஸ் உறுதியாக வந்துவிடுவதால் ஒவ்வொரு மகளுக்கும் அதே எட்டில் ஒன்று. வெளியில் மணந்திருந்தால் மகள்களுக்கு இந்த வாய்ப்பு மிகச் சிறியதாகவே இருந்திருக்கும். மாமன் மகளை மணப்பவரும், தம் தாய் வழியாக வந்த எக்ஸின் ஒரு பகுதியை மனைவியோடு பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும். அத்தை மகளை மணப்பவருக்கோ அந்த உறவால் எக்ஸ் தடத்தில் கூடுதல் வாய்ப்பு ஏதும் வருவதில்லை, ஏனெனில் அத்தையோடு அவரை இணைக்கும் தந்தையிடமிருந்து அவர் எக்ஸ் எதையும் பெறவில்லை. இந்த ஆறுதல் எக்ஸ் தடத்துக்கு மட்டுமே உரியது. ஹீமோகுளோபின் தடத்தில் அத்தை மகளும் மாமன் மகளும் ஒன்றே.

ஒரே குடும்பத்தில் நிறக்குறைபாடும் ஜி6பிடி குறைபாடும் சேர்ந்து இருந்தால் மரம் இன்னும் சுவையாகிறது. இரண்டு மரபணுக்களும் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் ஒன்றாகவே கடத்தப்படுகின்றன. தாயின் ஒரே எக்ஸில் இரண்டு பழுதுகளும் இருந்தால், மகன்களுக்கு இரண்டும் சேர்ந்து வரும் அல்லது இரண்டும் வராது. ஒரு எக்ஸில் ஒன்றும் மற்றதில் இன்னொன்றும் இருந்தால், ஏறக்குறைய ஒவ்வொரு மகனும் ஏதேனும் ஒன்றோடு பிறப்பான். எது உண்மை என்பதை அறியத் தாய்வழித் தாத்தாவைக் கேளுங்கள்: அவரிடம் இருந்தது ஒரே எக்ஸ், அதை அப்படியே மகளுக்குக் கொடுத்திருக்கிறார், ஆகவே அவரிடம் காணப்பட்டவை எல்லாம் ஒரே எக்ஸில் அமர்ந்தவை.

பெண்களைக் கறுப்பு வெள்ளையாக வரைய முடியாது

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று கரு வளர்ச்சியின் தொடக்கத்திலேயே செயலிழந்துவிடுகிறது என்பதை மேரி லயன் 1961இல் முன்வைத்தார். எந்த எக்ஸ் உறங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறுவதால், ஜி6பிடி கடத்துநரான பெண்ணின் ரத்தத்தில் நொதி நிறைந்த சிவப்பணுக்களும் நொதி குன்றிய சிவப்பணுக்களும் கலந்தே ஓடுகின்றன. கலவை பாதிக்குப் பாதியாக இருக்க வேண்டியதில்லை. பழுதான பக்கம் மிகுந்தால் அவளுக்கும் ஆணைப் போலவே ரத்தம் உடையும். விழித்திரையிலும் இதே கலவைதான், ஆயினும் நல்ல கூம்புச் செல்கள் போதிய அளவில் சிதறியிருப்பதால் பெரும்பாலான கடத்துநர்கள் நிறங்களைச் சரியாகவே காண்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்திக்கு மட்டும் நிறக்குறைபாடு இருந்த நிகழ்வுகள்கூடப் பதிவாகியுள்ளன.

பரிசோதனைக்கூடத்தில் 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் ஜி6பிடி சோதனை ஆண்களுக்குப் போதுமானது. பெண்களுக்கு அது கடத்துநரைத் தவறவிடும் என்பதால் நொதியின் அளவை எண்ணில் தரும் சோதனையையே கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு பொறி: ரத்தம் உடைந்த சில நாள்களுக்குள் சோதித்தால், நொதி குன்றிய முதிய அணுக்கள் முன்னரே அழிந்து, நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் முடிவு இயல்பாக இருப்பதுபோல் ஏமாற்றும். சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

குறைபாடு உறுதியானவரின் பெயருக்கு அருகில் பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின் என்று எழுதிவையுங்கள்; மருத்துவர் அறியாமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது. பிரைமாகுயின் நம் நகரத்துக்கு அந்நியமான மருந்தன்று. மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவால் சென்னையில் நெடுங்காலமாகப் பரவிவந்திருப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. அது கல்லீரலில் பதுங்கியிருந்து மீண்டும் வராமல் தடுக்க 14 நாள்கள் தரப்படுவது இந்த மருந்துதான். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில், பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணிகளை எடுத்து அப்படியே குழந்தைக்குப் போர்த்தும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அதிலுள்ள நாப்தலீன், குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை வரவழைக்கும். சிசுவுக்கு மருதாணி இடுவதும் அவ்வாறே ஆபத்தானது.

ஹீமோகுளோபின் தடத்தைப் படித்தல்

இங்கே தொடக்கம் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கை. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிக் கனஅளவு. பெரியவர்களுக்கு 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறியவை. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சங்களில்) வகுத்துப் பாருங்கள். எம்சிவி 64, எண்ணிக்கை 5.8 என்றால் விடை சுமார் 11. 13க்குக் கீழ் வருவதால் தலசீமியா கடத்துநரோ என்று ஐயுற வேண்டும். எம்சிவி 70, எண்ணிக்கை 3.9 என்றால் விடை சுமார் 18. இரும்புச்சத்துக் குறைவை நோக்கி அது கைகாட்டுகிறது. மென்ட்சர் குறியீடு எனப்படும் இந்தக் கணக்கு ஐயத்தைக் கிளப்புவதற்கு மட்டுமே. முடிவு சொல்வது, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை ஏறத்தாழ 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கடத்துநர் என்று கொள்வார்கள். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அறிக்கையில் தெரிவது கொடையாளரின் ஹீமோகுளோபினாகவும் இருக்கலாம். ஆகவே ரத்தம் ஏற்றிய தேதியை மரத்தில் எழுதுங்கள்.

கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் கடத்துநர் என்றால் குழந்தைக்கு நோய் வராது. பாதி வாய்ப்பில் கடத்துநராகலாம், அவ்வளவே. இருவரும் கடத்துநர் என்றால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் கால் பங்கு நோய், அரைப் பங்கு கடத்துநர், கால் பங்கு இரண்டும் இல்லை. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு முறையும் அதே கால் பங்குதான். நோயுற்ற குழந்தையின் நலமான உடன்பிறந்தவர் கடத்துநராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவர் திருமணத்துக்கு முன் சோதித்துக்கொள்வது நல்லது. ஒருவர் தலசீமியா, மற்றவர் அரிவாள் செல் கடத்துநர் என்றாலும் குழந்தைக்கு நோய் வரக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. இந்தியாவில் பீட்டா தலசீமியா கடத்துநர்கள் சராசரியாக 3 முதல் 4 விழுக்காட்டினர். சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் இது கூடுதல் என்பதால், சென்னையில் குடியேறியுள்ள அக்குடும்பத்தினர் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சோதனைகளும் விதிகளும்

நிறப்பார்வையைக் கைபேசித் திரையில் சோதிப்பது மரத்துக்கு உதவாது. திரையின் நிறங்கள் மாறக்கூடியவை. 1917இல் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட அச்சுத் தட்டுகளை, நல்ல பகல் வெளிச்சத்தில் 75 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து, தட்டுக்கு மூன்று விநாடி கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். முதல் தட்டின் 12 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதையும் படிக்காதவர் வேறு காரணத்தால் தடுமாறுகிறார். எழும்பூரில் 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை உட்பட, எந்தப் பெரிய கண் மருத்துவமனையிலும் இதைச் செய்துகொள்ளலாம். மகனுக்குப் பதினைந்து வயதுக்குள் செய்துவிடுவது நல்லது. ரயில் ஓட்டுநர் பணிக்கு இயல்பான நிறப்பார்வை கட்டாயம். அது வேலைக்குத் தேர்வான பிறகு தெரியவருவதைவிடப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே தெரிவது மேல். சாலை ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை 2020இல் விதிகள் திருத்தப்பட்டு, லேசானது முதல் நடுத்தர அளவிலான நிறக்குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெற வழி செய்யப்பட்டுள்ளது.

முடித்த மரத்தில் வரைந்த தேதியை எழுதி, மூல அறிக்கைகளின் நகல்களைப் பின்னால் இணைத்து, திருமணம் பேசி முடிந்த நிலையிலோ குழந்தைக்குத் திட்டமிடும் நிலையிலோ மரபணு ஆலோசகரிடமோ குருதியியல் மருத்துவரிடமோ கொடுங்கள். கர்ப்பம் தரித்த பின்னர்தான் செல்ல நேர்ந்தால் முதல் மாதத்திலேயே செல்ல வேண்டும். சிசுவின் நிலையை அறிய நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் செய்யும் சோதனை 10 முதல் 12ஆம் வாரத்துக்குள் நடக்கிறது, அதற்கு முன் பெற்றோர் இருவரின் மரபணு மாற்றங்களும் கண்டறியப்பட்டிருக்க வேண்டும்.